எட்டுப் பென்ஸ் கூலி

முதல் நாள்: ரெடிங்

"ஏன்க்கா, இவ்ளோ காசு செலவழிச்சு பிளேன் ஏறி வந்தது அரிவாள் பாக்கவா?"

கேட்டது தம்பி. சித்தப்பா மகன். ரெடிங்கில் பதினோரு வருடமாக இருக்கிறான். அரண்மனைக்கு டிக்கெட் போடட்டுமா, ராட்டினத்துக்குப் போடட்டுமா என்று கைபேசியோடு நின்றவனிடம், உன் ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது, நுழைவுக் கட்டணமும் கிடையாது, அங்கே கூட்டிப் போ என்றேன். இங்கிலாந்தின் கிராம வாழ்க்கைக்கான அருங்காட்சியகம். 1951-இல் பல்கலைக்கழகம் தொடங்கியது. இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவைகூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

நான் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அதற்கப்புறம் வரலாறு படிக்க ஆரம்பித்தேன். அதில் ஓர் எண் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை: 8 பென்ஸ். 1600-களின் தொடக்கத்தில் தென் இங்கிலாந்தில் வயல் வேலைக்குப் போன ஆணுக்கு ஒரு நாள் கூலி ஏறக்குறைய அவ்வளவுதான். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வருடத்தில் 300 நாள் வேலை கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கைக்கு வருவது சரியாக 10 பவுண்டு. மழை, பனி, காய்ச்சல், வேலையில்லாத மாதம் எல்லாம் கழித்தால் அதுவும் இல்லை. 1541-இல் 28 லட்சத்தை ஒட்டி இருந்த இங்கிலாந்தின் மக்கள்தொகை, அடுத்த 110 வருடத்தில் 52 லட்சத்தை நெருங்கிவிட்டது. தானிய விலை ஓடிய ஓட்டத்துக்குக் கூலி ஈடு கொடுக்கவில்லை. பெண்டாட்டி, மூன்று பிள்ளை என்றால் அந்தக் காசில் எப்படிச் சாப்பிட்டார்கள்? எப்படிப் போட்டாலும் கணக்கு உதைக்கிறது. இந்தப் பயணமே அதற்காகத்தான்.

உள்ளே போனதும் வண்டிகள். மாவட்டத்துக்கு ஒரு சாயலில் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. தம்பிக்கு அவை பிடித்துவிட்டன. 2018-இல் இந்த அருங்காட்சியகம் ஒரு கொழுத்த செம்மறிக்கடாவின் பழைய படத்தை ட்விட்டரில் போட்டு உலகப் புகழ் பெற்றதை அங்கேயே தேடிப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் அரிவாள் பக்கம் போனேன்.

கதிர் அறுத்த பழைய அரிவாளின் வாயில் ரம்பம் மாதிரி நுண்ணிய பல். நம் கருக்கரிவாளேதான். பிடி கட்டை விரல் படும் இடத்தில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. கோதுமையை இதைக் கொண்டுதான் அறுத்தார்கள், பெண்களும் அறுத்தார்கள். நின்றபடி வீசும் நீளக் கைப்பிடி அரிவாள் பெரும்பாலும் ஆண்கள் கையில். வைக்கோல்புல்லுக்கும் வாற்கோதுமைக்கும் அது. கருவி மாறும் இடத்தில் கூலியும் மாறியது. புல் உலர்த்தும் வேலைக்குப் போன பெண்ணுக்கு ஆண் கூலியில் பாதி கிடைத்தால் பெரிது.

பக்கத்தில் தேங்காய் அளவில் ஒரு மரப் பீப்பாய், தோளில் மாட்ட வாரோடு. வயலுக்கு பீர் கொண்டுபோகிற பாத்திரம். அந்தக் காலத்தில் தண்ணீர் சுத்தமில்லாததால்தான் எல்லோரும் பீர் குடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் நம்பவில்லை. ஊற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்தவர்கள்தான். பீர் என்றால் வாற்கோதுமையின் கஞ்சி, அவ்வளவுதான். போதை குறைந்த, இரண்டாம் வடிப்பான சின்ன பீரை அறுவடை நாளில் நாலு லிட்டருக்கு மேலும் குடித்திருக்கிறார்கள். நம் பக்கம் நடவாட்களுக்கு வரப்பில் தூக்குச் சட்டி வந்து இறங்குமே, அந்த இடத்தில் அங்கே இந்தப் பீப்பாய்.

ராத்திரி தம்பியின் அடுக்களை மேசையில் 1563-ஆம் வருடச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். முதலாம் எலிசபெத் காலத்து வேலையாள் சட்டம். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை காலை 5 மணிக்கு வேலையில் நிற்க வேண்டும், மாலை 7-க்கும் 8-க்கும் இடையில்தான் விட வேண்டும். சாப்பாடு, குடிப்பு, கோடையில் அரை மணித் தூக்கம் எல்லாம் சேர்த்து இரண்டரை மணிக்கு மேல் ஓய்வு கூடாது. ஆக 12 மணி நேர உழைப்பு. ஒரு மணி நேரம் வராமல் போனால் 1 பென்னி பிடித்தம். எட்டைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணிக் கூலி முக்கால் பென்னிகூட இல்லை, பிடித்தம் மட்டும் முழுப் பென்னி! முப்பது வருடம் அபராத வட்டி போட்டவள் நான். எனக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

இரண்டாம் நாள்: ஹார்வெல்

பார்க்க ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹார்வெல் என்றால் இன்றைக்கு அறிவியல் ஆராய்ச்சி. ஊருக்கு வெளியே மேட்டில் பெரிய ஆய்வு வளாகம், விளையாட்டு அரங்கம் மாதிரி வட்டமாக ஒரு கட்டடம். நான் வந்தது ராபர்ட் லோடருக்காக. 1610-இலிருந்து 1620 வரை இந்த ஊரில் பயிர் செய்த ஒரு நடுத்தரப் பண்ணைக்காரர். வருடா வருடம் எழுதிய கணக்கு அப்படியே கிடைத்து, 1936-இல் அச்சிலும் வந்தது. விதைத்தது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு, அந்தப் பணத்தை வேறு எதிலாவது போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்றெல்லாம் எழுதி வைத்தவர். செர்ரிப் பழம் விற்ற கணக்குகூட உண்டு. என் ஜாதி ஆள் (கணக்கு ஜாதியைச் சொல்கிறேன்).

அவர் செய்த ஒரு கணக்குக்காகத்தான் அந்த ஊரில் இரண்டு மணி நேரம் சும்மா நடந்தேன். வீட்டோடு தங்கிய பண்ணையாட்கள் சாப்பிட்ட ரொட்டி, பன்றிக்கறி, பீர், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் விலை போட்டு, தலைக்கு எவ்வளவு என்று வகுத்திருக்கிறார். கையில் கொடுத்த வருடச் சம்பளத்தைப்போல் சாப்பாட்டுச் செலவு பல மடங்கு. மனுஷனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. வேலையாட்கள் ஏய்க்கிறார்கள், சோம்பித் திரிகிறார்கள் என்று கணக்குக்கு நடுவில் புலம்பல்.

எனக்கு முதல் முடிச்சு அங்கே அவிழ்ந்தது. அந்தக் காலத்தில் 15 முதல் 24 வயது வரை உள்ள இளவட்டங்களில் நூற்றுக்கு 60 பேர் இப்படி யார் வீட்டிலாவது வருட ஒப்பந்தத்தில் வேலைக்கு இருந்தார்கள். சம்பளம் சொற்பம், ஆனால் எசமானரின் உலையில் அவர்களுக்கும் அரிசி, அதாவது வாற்கோதுமை. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஆண் 27, 28-இல், பெண் 26-ஐ ஒட்டிக் கல்யாணம் செய்வார்கள். கல்யாணம் ஆன அன்றைக்கு அந்தப் பொதுச் சட்டி போய்விடும். 8 பென்ஸ் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

"இதுக்கு இவ்ளோ தூரம் வரணுமாக்கா? வீட்லயே பிடிஎஃப் பாத்திருக்கலாமே" என்றான் தம்பி, கார் கதவைத் திறந்தபடி.

மூன்றாம் நாள்: சிங்கிள்டன்

இன்றைக்குத் தனியாக வந்தேன். ரயிலில் சிச்செஸ்டர், அங்கிருந்து மிட்ஹர்ஸ்ட் போகிற 60-ஆம் எண் பேருந்து. புல் மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். தென்கிழக்கு இங்கிலாந்தில் இடிபட இருந்த பழைய வீடுகளை உத்தரம் உத்தரமாகக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். ஐம்பதை ஒட்டிய கட்டடங்கள். அணைக்கட்டு நீரில் மூழ்க இருந்த பேலீஃப் என்ற பண்ணை வீடுதான் இங்கே ராஜா. கூட்டமெல்லாம் அங்கே.

நான் தேடிப் போனது பாப்ளர் காட்டேஜ். வாஷிங்டன் என்ற சசெக்ஸ் கிராமத்தில், பொதுப் புறம்போக்கின் ஓரமாக 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் நின்ற ஏழை வீடு. கூரை வேய்ந்தது. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், நானே குனிந்தேன். மண் தரை. சன்னலில் கண்ணாடி கிடையாது, மரக் கம்பிகளும் மூடு பலகையும் மட்டும். அடுப்புக்குப் புகைபோக்கி கட்டவில்லை. வீட்டின் ஒரு முனையைத் தடுத்துப் புகைக்கு விட்டிருக்கிறார்கள், புகை அங்கே ஏறிக் கூரை வழியாக வெளியே போகும். அந்தப் புகையிலேயே பன்றித்தொடை கட்டித் தொங்கவிடலாம், இரட்டை லாபம். பத்து நிமிஷத்தில் என் சேலை முழுக்க விறகு வாசனை.

இந்த மாதிரி வீட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. 1589-இல் போட்டது: 4 ஏக்கர் நிலம் சேர்த்துக் கொடுக்காமல் யாரும் புதிதாகக் குடிசை கட்டக் கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கூலிக்காரருக்கு 4 ஏக்கர் யார் கொடுப்பார்? புறம்போக்கில் ஓரம் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். ஊர் கண்ணை மூடிக்கொண்டால் வீடு நிற்கும், கண்ணைத் திறந்தால் அபராதம். 1775 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

ஆனால் புறம்போக்கின் ஓரம் என்பதே சொத்து. ஒரு பசு மேய இடம், விறகு, வேலியோரத்துப் பழம், வாத்துக்குக் குட்டை. வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டிருக்கிறார்கள் அருங்காட்சியகக்காரர்கள்: முட்டைக்கோஸ் வகைக் கீரை, வெங்காயத் தாள், பட்டாணி, பீன்ஸ், மூலிகை. உருளைக்கிழங்கு இல்லை, சரியாகத்தான் விட்டிருக்கிறார்கள். தென்பக்கக் கூலிக்காரர் தட்டுக்கு அது வர இன்னும் ரொம்ப காலம் ஆகும்.

டியூடர் மன்னர்கள் காலத்து அடுக்களை என்று தனியாக ஒன்று உண்டு. கணுக்கால் வரை கம்பளிப் பாவாடையும் தலைத்துணியுமாக ஒரு தன்னார்வலர் அம்மா, தீயின் மேல் தொங்கிய இரும்புப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். பட்டாணி, உடைத்த வாற்கோதுமை, கீரை, ஒரு துண்டு உப்புப் பன்றிக்கறி. பாட்டேஜ். எதையெல்லாம் போடலாம் என்று கேட்டேன். "இருப்பதை எல்லாம்" என்றார். பதம் எப்படித் தெரியும்? துடுப்பைப் பானைக்கு நடுவில் குத்திக் கையை எடுத்துக் காட்டினார். துடுப்பு சாயாமல் நின்றது. "வேலைக்காரருக்கு இந்தப் பதம். ஆட்கள் கூடினால் தண்ணீர்." எங்கள் ஊரில் கம்மங்கூழ் கிண்டும்போது என் அப்பாயி சொன்னதும் ஏறக்குறைய இதே வாசகம் என்று அவரிடம் சொன்னேன். கூழ் என்ற சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ழ வரவில்லை.

ரொட்டியில்தான் அந்தஸ்து. யார்க்‌ஷயரில் எல்ம்ஸ்வெல் ஊரில் ஹென்றி பெஸ்ட் என்ற பண்ணைக்காரர் 1640-களின் தொடக்கத்தில் எழுதி வைத்த குறிப்பேட்டில் மாவு அரைக்க அனுப்பும் கணக்கு வருகிறது. வேலையாட்களின் பழுப்பு ரொட்டிக்குக் கோதுமை ஜாதித் தானியமான ரை, பட்டாணி, வாற்கோதுமை. வீட்டுக்காரரின் பணியாரங்களுக்கு நயம் கோதுமை. ஒரே ஆலை, இரண்டு மூட்டை. இங்கே இருக்கும் தண்ணீர் ஆலையிலும் மாவு அரைத்து விற்கிறார்கள். ஒரு பை வாங்கினேன், நயம் கோதுமைதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூலிக்காரர் வீட்டில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவது இறந்த பிறகு எடுத்த சொத்துப் பட்டியல்களிலிருந்து: பித்தளைப் பானை, போர்வை, ஒரு பசு, கொஞ்சம் பாலாடைக்கட்டி. படிக்கப் படிக்கப் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சொத்து 5 பவுண்டுக்குக் கீழ் என்றால் பட்டியலே கட்டாயமில்லை. பசுகூட இல்லாமல் செத்தவர் காகிதத்தில் ஏறவே இல்லை. கடன் வாங்க வந்தவரை மட்டும் வைத்து ஊர் நிலவரம் எழுதிய மேலதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதிலும் அடிதடி. கடும் வேலை செய்த ஆண்கள் நாளைக்கு 4,000 கலோரிக்கு மேலேயே சாப்பிட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர் கிரேக் மல்ட்ரூவின் வாதம். லோடர் மாதிரிப் பண்ணைக் கணக்குகள் அவருக்கு ஆதாரம். பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல் 18-ஆம் நூற்றாண்டுக்குப் போட்ட கணக்கில் குழந்தைகளும் சேர்த்து நாட்டுச் சராசரி 2,200-ஐத்தான் ஒட்டுகிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றே எனக்குப் படுகிறது. பண்ணை மேசையில் உட்கார்ந்தவன் 4,000 சாப்பிட்டிருப்பான். அவன் பெண்டாட்டி என்ன சாப்பிட்டாள் என்று லோடர் எழுதவில்லை, அவள் அந்த மேசையில் இல்லை.

கடைசிப் பேருந்தை ஒரு நிமிஷத்தில் தவறவிட்டேன். இப்போது சிச்செஸ்டரில், டாக்சிக் கூலி கொடுத்த வருத்தத்தோடு எழுதுகிறேன்.

நான்காம் நாள்: ரயிலில்

முழுக்கப் பயணம். நடுவில் ஒரு மதுக்கடையில் "உழவர் மதிய உணவு" என்று பலகை பார்த்து, விடுவேனா, உட்கார்ந்தேன். செடார் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய், ஆப்பிள். பத்துப் பவுண்டுக்கு மேல். என் கூலிக்காரரின் ஒரு வருடம்! அந்தப் பெயரும் பழசில்லை. 1950-களில் பாலாடைக்கட்டி விற்பனையைக் கூட்ட வியாபார அமைப்புகள் பரப்பியது. ஆனால் ரொட்டியும் கட்டியும் வெங்காயமும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டது நிஜம்தான். வெங்காயத்தை மட்டும் எனக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள்: லாக்ஸ்டன்

நூவார்க்கிலிருந்து டாக்சி. நாட்டிங்ஹாம்‌ஷயரின் இந்த ஊரில் வேலியில்லாப் பெருவயல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மூன்று பெருவயல், ஒவ்வொன்றும் பட்டை பட்டையாகப் பங்கு பிரித்தது. வருடாவருடம் நவம்பர் கடைசியில் ஊர் நடுவர்கள் வயலைச் சுற்றி வந்து, யார் வரப்பைத் தாண்டி உழுதது என்று பார்த்து அபராதம் போடுகிறார்கள், இன்றைக்கும்.

மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் காட்சிக்கூடத்தில் 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தின் நகல். மூலம் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில். ஆயிரக்கணக்கான பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு. வரைபடம் கேட்டவர் நில உடைமைக்காரர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வியாபாரி. அதே 1635-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுக்குக் கப்பல் விட மன்னரிடம் அனுமதி வாங்கிய கூட்டமும் இவர் பெயரில்தான். அந்தக் கப்பல்கள் பிறகு நம் மேற்குக் கரையில் கார்வார், பட்கல் பக்கம் வந்து போயின.

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வரைபடத்தின் மேல் குனிந்தேன். பட்டைகளுக்கு நடுவே எறும்பு அளவில் மனிதர்கள். ஏர் ஓட்டுகிறார்கள், அறுக்கிறார்கள். பட்டைக்கெல்லாம் பெயர் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. இடுப்பை வளைத்த அந்த வளைவை மட்டும் வரைந்தவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

வெளியே அறுத்த தாளில் நடந்தேன். செருப்புக்குள் தாள் குத்தியது. சிதறிக் கிடந்த கதிரை ஒரு கை பொறுக்கிக் கசக்கி ஊதிப் பார்த்தேன், இருபது மணி தேறும். வயலைக் கட்டுக் கட்டி ஏற்றிய பிறகு, சிந்திய கதிரைப் பொறுக்கப் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவார்கள். சில ஊர்களில் கோயில் மணி அடித்த பிறகுதான் இறங்கலாம், யாரும் முந்தக் கூடாது. அறுக்கும் கூலியைவிட, பொறுக்கிய தானியம் மார்கழி தை மாதத்து ரொட்டியாக அதிக நாள் நின்ற வீடுகள் உண்டு. 1788-இல் நீதிமன்றம், பொறுக்குவது ஏழையின் உரிமை இல்லை, நிலக்காரரின் தயவு என்று தீர்ப்புச் சொன்னது. அப்புறமும் பெண்கள் இறங்கத்தான் செய்தார்கள்.

இப்போது என் பேரேட்டின் வரவுப் பக்கம் நிரம்ப ஆரம்பித்திருக்கிறது. கணவனின் 8 பென்ஸ். சாப்பாடு போட்டு வேலை என்றால் காசு அதில் பாதி, ஆனால் ஒரு வயிறு கழிந்தது. குளிர்காலத்தில் களஞ்சியத்துக்குள் நின்று, தோல்வாரில் இரண்டு கம்பைப் பிணைத்த கழியால் கதிரடிக்கும் வேலை. மனைவி நூற்ற நூல். பசுவின் பால். பொறுக்கிய கதிர். பன்னிரண்டு வயதில் வேறு வீட்டு உலைக்குப் போய்விட்ட பிள்ளை. இதில் எதுவும் கூலிப் பட்டியலில் வராது. 1688-க்குக் கிரிகரி கிங் என்ற புள்ளிவிவரக்காரர் போட்ட கணக்கில் உழைப்பாளிக் குடும்பம் ஒன்றுக்கு வருட வருமானம் 15 பவுண்டு. மனைவி மக்கள் உழைப்பையும் சேர்த்தால்தான் அந்த எண்ணுக்கு வர முடியும். ஆனாலும் அவர்களை நாட்டின் செல்வத்தைக் குறைப்பவர்கள் பக்கத்தில்தான் அவர் எழுதினார். ஏர் பிடித்தவன் எந்தக் கணக்கில் செல்வத்தைக் குறைத்தான் என்று அந்த மனிதரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

ஆறாம் நாள்: கிரேஸ்டோக்

வடக்கே, பழைய கம்பர்லாந்து மாவட்டம். பென்ரித்தில் இறங்கி மேற்கே போனால் கிரேஸ்டோக். காலையிலிருந்து தூறல். ஊருக்குப் பொருந்தாத பெரிய தேவாலயம், புனித அந்திரேயா பெயரில். உள்ளே நான் மட்டும்தான்.

தெற்கில் கோதுமை, இங்கே ஓட்ஸும் ஆடும். மேய்ச்சல் நாட்டில் ஆட்டையும் கம்பளியையும் விற்றுத்தான் தானியம் வாங்க வேண்டும். 1621, 1622 இரண்டு வருடமும் விளைச்சல் பொய்த்தது. தானியம் ஏறிய அதே நேரத்தில் ஆட்டு விலையும் துணி வியாபாரமும் விழுந்தன. 1601-இல் போட்ட ஏழைகள் சட்டப்படி ஊர் வரி வாங்கி ஏழைக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். இந்தப் பக்கம் அது இன்னும் சரியாக வேர் பிடிக்கவில்லை.

1623-ஆம் வருட அடக்கப் பதிவேட்டின் அச்சுப் படியைக் கைபேசியில் வைத்திருந்தேன். தூணோரம் ஒரு பலகையில் உட்கார்ந்து படித்தேன். பட்டினியில் வாடிய பிச்சைக்காரக் குழந்தை டாரத்தி. அப்பா மாவு ஆலைக்காரர். பட்டினியில் வாடிய பிச்சைக்காரப் பையன் தாமஸ். ஜான்பி ஊர் ஆண்டனி கவுல்மன், காலஞ்சென்றவர், அவர் மகன் லியோனார்ட்: உணவும் பிழைக்க வழியும் இல்லாமல் இறந்த குழந்தை. பிறகு அதே ஆண்டனியின் மனைவி ஜேன், ஆதரவில்லாமல் இறந்தாள், இடம்: கிரேஸ்டோக்கில் எட்வர்ட் டாசனின் களஞ்சியம்.

புருஷன் முதலில், பிள்ளை அடுத்து, கடைசியில் அவள். லாக்ஸ்டனில் நான் நிரப்பிய வரவுப் பக்கத்தை அவளுக்கு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். புருஷன் கூலி இல்லை. விளையாத வயலில் பொறுக்கக் கதிர் இல்லை. விழுந்த சந்தையில் நூலுக்கு விலை இல்லை. வேலையாளைக் கூட்டி வைத்துச் சோறு போட்ட மேசைகள், அந்த வருடம் புது ஆளை எடுக்கவா போகின்றன?

ஜான்பி இங்கிருந்து நடக்கிற தூரம்தான். குடையோடு கிளம்பினேன். இரண்டு பக்கமும் கல் அடுக்கிய சுவர், அதற்கப்பால் ஆடுகள். வழியில் கல்லால் கட்டிய பழைய களஞ்சியம் ஒன்று, டாசனுடையது என்று சொல்ல ஒரு முகாந்திரமும் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிய தீவன உருளைகள், கூரையைத் தொடும் அளவுக்கு. அதன் மேல் ஒரு பூனை, நனையாமல் படுத்திருந்தது.

தம்பி கூப்பிட்டான். "சாப்டியாக்கா?"

"இல்லடா. இனிமேத்தான்" என்றேன்.